பிரஷர் ஏற்றும் ஹார்மோன்களும் உடம்பின் நீர்க்கணக்கும்

சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் அபூர்வமாக ஒரு கட்டி வரும். ஃபியோகுரோமோசைட்டோமா என்று பெயர். அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் கட்டுப்பாடில்லாமல் ரத்தத்தில் கொட்டுவதே அதன் வேலை. மேல் அழுத்தம் 200ஐத் தாண்டும், தலைவலி மண்டையைப் பிளக்கும், வியர்த்து ஊற்றும், நெஞ்சு படபடக்கும். கட்டியை வெட்டி எடுப்பதுதான் தீர்வு. ஆனால் அறுவைக்கு முந்தைய நாட்களில் இந்த நோயாளிக்குச் சொல்லப்படும் ஒரு விஷயத்தைப் பிரஷர் உள்ள வேறு யாரிடமும் மருத்துவர் பொதுவாகச் சொல்லமாட்டார். ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும், உப்பைக் கூட்டச் சொல்வார், நீரை நிறையக் குடிக்கச் சொல்வார்.

ஏனென்றால் இவர்களில் பலருக்கு ரத்தத்தில் பிளாஸ்மா, அதாவது சிவப்பணுக்கள் மிதக்கும் நீர்ப்பகுதி, குறைந்து கிடக்கிறது. அழுத்தம் உச்சத்தில், ரத்தத்தின் அளவோ பற்றாக்குறையில். பிரஷர் ஏறினால் உடம்பில் நீர் கூடியிருக்கிறது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிற கணக்கு இங்கே தலைகீழாகிறது.

அழுத்தத்தை ஏற்றும் ஹார்மோன்கள் என்று ஒரே பட்டியலில் வரும் பொருள்கள் நீர் விஷயத்தில் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. நார்அட்ரினலின் அதிகமானால் பிளாஸ்மா சுருங்கும். ஆல்டோஸ்டீரோன் உப்பையும் நீரையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். வாசோபிரசின் நீரை மட்டும் பிடிக்கும். ஆஞ்சியோடென்சின் இருக்கிறதே, அது சூழ்நிலையைப் பொறுத்து எந்தப் பக்கமும் சாயும். இவற்றைப் புரிந்துகொள்ள, நீர் உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

70 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் ஏறத்தாழ 42 லிட்டர் நீர் இருக்கும். அதில் 28 லிட்டர் செல்களுக்குள்ளே. மீதி 14 லிட்டர் செல்களுக்கு வெளியே. அந்த 14இல் 3 லிட்டர்தான் பிளாஸ்மா. மற்றது பெரும்பாலும் திசுக்களின் இடுக்குகளில் செல்களைச் சுற்றி நிற்கும் திரவம். ரத்தத்தின் மொத்த அளவு 5 லிட்டர் வருகிறதே என்றால், மிச்சத்தைச் சிவப்பணுக்கள் நிரப்புகின்றன. இந்த அறைகளுக்கு இடையே இரண்டு விதமான சுவர்கள் உண்டு. செல் சவ்வு நீரை விடும், உப்பிலுள்ள சோடியத்தை உள்ளே தங்கவிடாது. மிக நுண்ணிய ரத்தக் குழாயான தந்துகியின் சுவர் நீரையும் உப்பையும் தாராளமாக விடும், புரதத்தை மட்டும் பெரும்பாலும் தடுக்கும்.

இந்த அறைகளை நேரடியாக அளந்து பார்க்க வழியில்லை. ஆகவே ஒரு பொருளை அளந்து ஊசியில் செலுத்தி, அது எவ்வளவு நீர்த்துப்போகிறது என்று பார்ப்பார்கள். பிளாஸ்மாவில் உள்ள அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் இவான்ஸ் நீலம் என்ற சாயம் பிளாஸ்மாவின் அளவைச் சொல்லும். பிற்பாடு அந்த வேலையைக் கதிரியக்க அயோடின் ஏற்றிய அல்புமின் எடுத்துக்கொண்டது. மொத்த நீருக்குக் கன ஹைட்ரஜன் கலந்த நீர். இவை எதுவும் இல்லாத இடத்தில் ஹீமட்டோக்ரிட் என்ற எளிய ரத்தப் பரிசோதனையே நிறையச் சொல்லிவிடும். 5 லிட்டர் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 45 சதவீதம் என்றால் பிளாஸ்மா 2.75 லிட்டர். அதில் அரை லிட்டர் வெளியேறினால் ஹீமட்டோக்ரிட் 50ஐத் தொடும். சிவப்பணு ஒன்றுகூடக் கூடவில்லை, அது மிதக்கும் நீர்தான் குறைந்திருக்கிறது.

சரி, நார்அட்ரினலினுக்கு வருவோம். 1895 வாக்கில் ஜார்ஜ் ஆலிவர், எட்வர்ட் ஷேஃபர் என்ற இருவர் லண்டனில் அட்ரினல் சுரப்பியின் சாற்றை விலங்குகளுக்குச் செலுத்தி, அழுத்தம் விர்ரென்று ஏறுவதைக் காட்டினார்கள். ஆபத்து வேளையில் உடம்பை முடுக்கிவிடும் பரிவு நரம்புகளின் செய்தியை நார்அட்ரினலின்தான் கடத்துகிறது என்பது 1946இல் உல்ஃப் ஃபான் ஆய்லரின் வேலையால் தெளிவானது. 1950களில் இது, ரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரியும் அதிர்ச்சி நிலைக்கு மருந்தாகப் புழக்கத்துக்கு வந்தது. அப்போதே ஒரு சிக்கலும் தெரிய ஆரம்பித்தது. சொட்டாக ஏற்றிக்கொண்டிருக்கும்வரை அழுத்தம் நிற்கும். நீண்ட நேரம் ஏற்றிவிட்டு நிறுத்தினால், தொடங்கியதைவிட மோசமாகச் சரியும். ஆரோக்கியமானவர்களுக்கு ஏற்றி அளந்து பார்த்தபோது ஹீமட்டோக்ரிட் ஏறியிருந்தது, பிளாஸ்மா குறைந்திருந்தது.

எங்கே போனது அந்தப் பிளாஸ்மா? பெரும்பகுதி தந்துகிச் சுவர் வழியாகத் திசுக்களுக்குள். 1896இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் வகுத்த விதி இங்கே கைகொடுக்கிறது. தந்துகிக்குள் இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. பிளாஸ்மாப் புரதங்கள் அதை உள்ளே இழுக்கின்றன. புரதத்தின் இழுப்பு சுமார் 25 மில்லிமீட்டர் பாதரசம். தந்துகி அழுத்தம் ரத்தம் நுழையும் முனையில் ஏறக்குறைய 35, வெளியேறும் முனையில் 15. இந்தச் சமநிலையை ஆட்டிவைப்பது தந்துகிக்கு முன்னால் இருக்கும் நுண்தமனியும் பின்னால் இருக்கும் நுண்சிரையும். முன்னால் சுருங்கினால் தந்துகி அழுத்தம் இறங்கும், திசு நீர் ரத்தத்துக்குள் வரும். பின்னால் சுருங்கினால் அழுத்தம் ஏறும், பிளாஸ்மா வெளியே கசியும்.

நார்அட்ரினலின் இரண்டையுமே சுருக்கக்கூடியது. எது மேலோங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருவருக்கு அடிபட்டு ரத்தம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிவு நரம்புகள் உடனே விழித்துக்கொண்டு முக்கியமாகத் தோல், தசைகளின் நுண்தமனிகளைச் சுருக்குகின்றன. ரத்தம் போனதால் சிரைப் பக்கத்தின் அழுத்தமும் ஏற்கெனவே குறைவு. ஆக, திசு இடுக்கிலிருந்து நீர் உள்ளே வருகிறது. ஒரு மணி நேரத்துக்குள் அரை லிட்டர் வரைகூட. உடம்பு தனக்குத்தானே சலைன் ஏற்றிக்கொள்கிறது. இங்கே அதே ஹார்மோன் பிளாஸ்மாவைக் கூட்டுவதற்கு உதவுகிறது. ரத்த இழப்பே இல்லாமல் அதை அதிக அளவில் மணிக்கணக்காக ஏற்றினால் கதை வேறு. சிரைகளும் இறுகுகின்றன, தந்துகி அழுத்தம் ஏறுகிறது, பிளாஸ்மா கசிகிறது. ஹார்மோனைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லமுடியாது. எவ்வளவு, எவ்வளவு நேரம், எந்த நிலையில் இருக்கும் உடம்பில் என்று கேட்கவேண்டியிருக்கிறது.

சிரைகள் இறுகுவதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. உடம்பின் ரத்தத்தில் 60 சதவீதத்துக்கு மேல் எந்நேரமும் சிரைகளில்தான் கிடக்கும். அதில் பெரும்பகுதி சுவரை இழுக்காமல், அழுத்தம் தராமல், சும்மா இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கும் ரத்தம். நார்அட்ரினலின் சிரைகளைச் சுருக்கும்போது இந்தச் சும்மா கிடந்த ரத்தம் இதயத்தை நோக்கி நகர்கிறது. ஒரு சொட்டு நீர்கூட ஏற்றாமலே ரத்தம் கூடினாற்போன்ற விளைவு கிடைக்கும். கிருமித்தொற்று முற்றி வரும் நச்சேற்ற அதிர்ச்சியில் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் முதலில் கைவைக்கும் அழுத்த மருந்து நார்அட்ரினலின்தான்; அதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் உண்மையான பற்றாக்குறையை இது மறைத்துவிடவும் செய்யும். மானிட்டரில் எண் நன்றாக இருக்கும், உள்ளே தொட்டி காலியாக இருக்கும். ரத்தத்தின் அளவை முதலில் சரிசெய்யுங்கள் என்று அந்த மருந்தின் குறிப்பிலேயே எச்சரிக்கை வருவது இதனால்தான்.

ஃபியோகுரோமோசைட்டோமாவில் இதே கதை மாதக்கணக்கில் நீள்கிறது. கசிவு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அழுத்தம் ஏறினால் சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளும் இயல்பு. இரண்டுமாகச் சேர்ந்து பிளாஸ்மாவைக் கரைக்கின்றன. இறுகிய குழாய்களுக்குள் இருப்பதால் அந்தக் குறைவு வெளியே தெரிவதில்லை. அறுவையில் கட்டியின் சிரையைக் கட்டிய மறுநிமிடம் ஹார்மோன் நிற்கிறது, குழாய்கள் விரிகின்றன, உள்ளே நிரப்ப ரத்தம் இல்லை. பழைய நாட்களில் இந்தச் சரிவில் உயிர்கள் போயிருக்கின்றன. இப்போது ஆல்ஃபா தடுப்பு மருந்தை ஒன்றிரண்டு வாரம் முன்பே தொடங்கி, குழாய்களைத் தளர்த்தி, உப்பும் நீரும் கொடுத்துப் பிளாஸ்மா நிரம்ப அவகாசம் தருகிறார்கள். வரிசை முக்கியம். குழாய்கள் தளருமுன் உப்பைக் கூட்டுவது ஆபத்து.

இங்கே போகிறபோக்கில் ஒன்றைச் சொன்னேன், அழுத்தம் ஏறினால் சிறுநீரகம் உப்பைத் தள்ளும் என்று. இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாமே அதைச் சுற்றித்தான் நடக்கப்போகிறது. சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தத்தின் அழுத்தம் கூடினால், அது சோடியத்தைத் திரும்ப உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும், உப்பும் நீரும் சிறுநீரில் போகும், ரத்தம் சற்றுக் குறையும், அழுத்தம் இறங்கும். மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் கைட்டன் தன் வாழ்நாள் ஆராய்ச்சியையே பெருமளவு இதன்மேல் கட்டினார். நீண்டகால அழுத்தத்தை முடிவுசெய்வது கடைசியில் சிறுநீரகமே என்பது அவர் வாதம். நரம்பு மண்டலத்தை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்று எதிர்த்தவர்கள் உண்டு. அந்தச் சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை. ஆனால் ஹார்மோன்களும் நீரும் என்ற விஷயத்தில் அவர் பார்வையை ஒதுக்கிவிட்டு ஓரடிகூட வைக்கமுடியாது என்பது என் எண்ணம்.

ஆல்டோஸ்டீரோனை எடுத்துக்கொள்வோம். 1953இல் சில்வியா சிம்ப்சன், ஜேம்ஸ் டெய்ட் இருவரும் (பின்னாளில் தம்பதி) தாடியஸ் ரைக்ஸ்டைனின் குழுவும் சேர்ந்து பிரித்தெடுத்த ஹார்மோன் இது. 1955இல் மிஷிகனின் ஜெரோம் கான், இதை அளவுக்குமீறிச் சுரக்கும் அட்ரினல் கட்டியால் அழுத்தம் ஏறும் நோயை விவரித்தார். ஆல்டோஸ்டீரோன் சிறுநீரக நுண்குழலின் கடைசிப் பகுதியில் சோடியத்தைப் பிடித்து உள்ளே இழுக்கிறது, மாற்றாகப் பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. சோடியம் வந்தால் தாகம் எடுக்கும், நீரும் வரும். 9 கிராம் உப்பு ஒரு லிட்டர் நீரைப் பிடித்துவைக்கும். சோடியம் செல்லுக்குள் தங்காது என்பதால் அந்த நீர் முழுக்கச் செல்களுக்கு வெளியே நிற்கும். அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பிளாஸ்மாவுக்குப் போகும்.

இப்படியே போனால் ஆள் வீங்கிவிட வேண்டும். வீங்குவதில்லை. ஆரோக்கியமானவருக்கு இந்த ஹார்மோனைத் தினமும் கொடுத்தால், முதல் சில நாட்கள் உப்பு சேர்கிறது, எடை இரண்டு மூன்று கிலோ கூடுகிறது, அப்புறம் திடீரென்று சிறுநீரில் உப்பு பழையபடி போக ஆரம்பிக்கிறது. ஹார்மோன் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் உடம்பு அதன் பிடியிலிருந்து நழுவிவிட்டது. செல்களுக்கு வெளியே உள்ள திரவம் வழக்கத்தைவிட 10, 15 சதவீதம் கூடியதோடு நின்றுவிடும். இந்த நழுவல் எப்படி? ஏறிய அழுத்தம்தான் முக்கியக் காரணம். கைட்டனின் சீடர் ஜான் ஹால், நாய்களில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தின் அழுத்தம் மட்டும் ஏறாதபடி கட்டுப்படுத்திவிட்டு ஆல்டோஸ்டீரோன் கொடுத்துப் பார்த்தார். நழுவல் நடக்கவே இல்லை. உப்பும் நீரும் சேர்ந்துகொண்டே போயின. இன்னொரு பங்காளி இதயத்தின் மேலறை. ரத்தம் கூடி அது விரியும்போது, உப்பைச் சிறுநீரில் தள்ளச்சொல்லும் ஒரு பெப்டைடை, அதாவது சிறு புரத ஹார்மோனை, சுரக்கிறது. 1981இல் கனடாவின் அடோல்ஃபோ டி போல்ட் எலிகளின் இதயச் சாற்றில் இதைக் கண்டுபிடிக்கும்வரை, இதயத்தை ஹார்மோன் சுரக்கும் உறுப்பு என்று யாரும் பெரிதாக நினைத்ததில்லை.

ஆகவே கானின் நோய் உள்ளவருக்கு அழுத்தம் ஏறியிருக்கும், பொட்டாசியம் பெரும்பாலும் குறைந்திருக்கும், கால் வீக்கம் மட்டும் இருக்காது. நழுவல் சோடியத்துக்குத்தான், பொட்டாசியம் போய்க்கொண்டே இருக்கும். இதய செயலிழப்பிலும் கல்லீரல் சுருக்கத்திலும் இதற்கு நேர்மாறு. அங்கேயும் ஆல்டோஸ்டீரோன் அதிகம். ஆனால் தமனிகளில் அழுத்தம் ஏறுவதில்லை, சிறுநீரகத்துக்குப் போதும் என்ற செய்தி போய்ச்சேர்வதில்லை. கால் வீங்குகிறது, வயிறு நீர் கோக்கிறது. ஹார்மோன் அதேதான், உடம்பின் பதில்தான் வேறு.

வாசோபிரசின் கொஞ்சம் விசித்திரமானது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு அழுத்தத்தை ஏற்றுகிறது என்பதும் அதே ஆலிவர், ஷேஃபர் இருவரின் கண்டுபிடிப்புதான். ஆனால் இதன் அன்றாட வேலை அழுத்தம் அல்ல. மிகக் குறைந்த அளவிலேயே சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழல்களில் அக்வாபோரின் என்ற நீர்க்கால்வாய்களைத் திறந்துவிடும். ரத்தக் குழாயைச் சுருக்க அதைவிடப் பல மடங்கு தேவை. இந்த ஹார்மோன் அறவே இல்லாதவர் ஒரு நாளைக்கு 15 லிட்டருக்கு மேல்கூடச் சிறுநீர் கழிக்கலாம்.

அதிகமானால்? உப்பில்லாத வெறும் நீர் தங்கும். அது எல்லா அறைகளுக்கும் பங்குபோட்டுக்கொண்டு போகும். 3 லிட்டர் தங்கினால் 2 லிட்டர் செல்களுக்குள் போய்விடும், பிளாஸ்மாவுக்குக் கிடைப்பது கால் லிட்டர்தான். அழுத்தத்தை அசைக்க அது போதாது. ஆனால் 42 லிட்டரில் இருந்த உப்பு 45 லிட்டரில் நீர்த்துப்போகிறது. ரத்த சோடியம் 140இலிருந்து 131க்கு இறங்கும். 1953இல் அலெக்சாண்டர் லீஃபும் ஃபிரெடெரிக் பார்ட்டரும் சகாக்களும் மனிதர்களிடம் இதைச் செய்துபார்த்தார்கள். ஹார்மோனையும் நீரையும் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் சோடியம் குறைந்துகொண்டிருக்கும் அந்த நிலையிலும் சிறுநீரில் சோடியம் போனது. நீரைக் கட்டுப்படுத்தினால் அது நடக்கவில்லை. கூடிப்போன திரவத்தைச் சமாளிக்க உடம்பு உப்பையே விலையாகக் கொடுக்கிறது. 1957இல் நுரையீரல் புற்றுநோய் இருந்த இரண்டு நோயாளிகளிடம் இதே நிலையைப் பார்ட்டரும் மற்றவர்களும் அடையாளம் கண்டார்கள். அழுத்தத்தை ஏற்றுவதற்குப் பெயர்பெற்ற ஒரு ஹார்மோன் அளவுக்குமீறிச் சுரந்தும், அழுத்தமும் சாதாரணம், வீக்கமும் இல்லை. பாதிப்பு மூளையில் தெரியும். செல்களுக்குள் நீர் ஏறி மூளை வீங்கினால் குழப்பம், வலிப்பு.

ஆஞ்சியோடென்சினில் எனக்குத் தனி ஈர்ப்பு உண்டு, ஏனென்றால் இரண்டு எதிர்முகங்களும் இதில் மட்டும் இவ்வளவு துல்லியமாகத் தெரிகின்றன. 1898இல் ஸ்டாக்ஹோமில் ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் பெர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றில் ரெனின் என்ற, அழுத்தத்தை ஏற்றும் பொருளைக் கண்டார்கள். யாரும் சட்டைசெய்யவில்லை. 1934இல் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கிடுக்கியால் நெரித்து அழுத்தத்தை ஏற்றிக் காட்டியபிறகுதான் ரெனினுக்கு மறுவாழ்வு. ரெனின் உருவாக்கும் ஆஞ்சியோடென்சின் குழாயைச் சுருக்குகிறது, சிறுநீரகத்தைச் சோடியத்தைப் பிடிக்கச் சொல்கிறது, ஆல்டோஸ்டீரோனைத் தூண்டுகிறது, தாகத்தையும் கிளப்புகிறது. இவ்வளவு செய்யும் ஹார்மோன் திரவத்தைக் கூட்டித்தானே ஆகவேண்டும்?

இரண்டு சிறுநீரகத் தமனிகளும் குறுகிவிட்டால், அல்லது இருப்பதே ஒரு சிறுநீரகமாக இருந்து அதன் தமனி குறுகினால், அப்படித்தான் ஆகிறது. குறுகலுக்கு அப்பால் இருக்கும் சிறுநீரகத்துக்கு ஏறிய அழுத்தம் தெரிவதே இல்லை. உப்பு சேர்கிறது, திரவம் கூடுகிறது, சிலருக்கு நுரையீரலில் திடீரென்று நீர் கோத்து மூச்சு முட்டும். ஒரு பக்கத் தமனி மட்டும் குறுகினால்? குறுகிய பக்கத்துச் சிறுநீரகம் ரெனினைக் கொட்டுகிறது, அழுத்தம் ஏறுகிறது. மறுபக்கத்தில் ஆரோக்கியமான சிறுநீரகம் அந்த முழு அழுத்தத்தையும் வாங்கிக்கொண்டு உப்பை வெளியே தள்ளுகிறது. அழுத்தம் மிகக் கடுமையானால் இந்த இழப்பு அளவுமீறிப் போய், உடம்பு வறண்டு, சோடியமும் பொட்டாசியமும் குறைந்து, எடை இறங்கிய நிலையில் நோயாளி வருவார். திரவம் குறைவதால் ரெனின் இன்னும் ஏறும், அதனால் அழுத்தம் இன்னும் ஏறும். இப்படிப்பட்டவருக்குச் சலைன் ஏற்றினால் அழுத்தம் சில சமயம் இறங்கக்கூடும், கேட்க அபத்தமாக இருந்தாலும். ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மாத்திரையின் முதல் டோஸ், ஏற்கெனவே உப்பும் நீரும் குறைந்தவர்களுக்கு அழுத்தத்தை ஒரேயடியாகச் சாய்ப்பதும் இதே காரணத்தால். அவர்களுடைய அழுத்தம் அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

அபூர்வக் கட்டிகளையும் குறுகிய தமனிகளையும் விட்டுவிட்டு, காரணம் தெரியாத சாதாரண உயர் ரத்த அழுத்தத்துக்கு வந்தால்? 1968இல் கிளீவ்லாண்டில் ராபர்ட் டராசி, எட்வர்ட் ஃப்ரோலிக், ஹாரியட் டஸ்டன் மூவரும் அத்தகைய ஆண்களின் பிளாஸ்மாவை அளந்தார்கள். கீழ் அழுத்தம் கூடக்கூடப் பிளாஸ்மா குறைந்துகொண்டு போனது. எல்லா நோயாளிகளுக்கும் இது பொருந்தாது. உப்பால் அழுத்தம் ஏறுபவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள் வேறு வகை. ஆனால் உயர் அழுத்தம் என்றாலே நீர் மிகுதி என்று பொதுவாகச் சொல்ல இந்த அளவுகள் இடம் கொடுக்கவில்லை. அதே சமயம், அழுத்தம் இவ்வளவு ஏறியிருக்கும்போது பிளாஸ்மா இன்னும் குறைந்திருக்க வேண்டாமா, சிறுநீரகம் ஏன் சாதாரண அளவிலேயே நிறுத்திவிட்டது என்று கைட்டன் பக்கத்தார் திருப்பிக் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான்.

மருந்து கொடுத்து அழுத்தத்தை இறக்கும்போது இதே கணக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. மினாக்சிடில் போல நேரடியாகத் தமனிகளை விரிக்கும் மாத்திரை அழுத்தத்தைக் குறைக்கும். குறைந்த அழுத்தத்தைச் சிறுநீரகம் ஆபத்தாக எடுத்துக்கொண்டு உப்பைப் பிடிக்கும், ரெனின் ஏறும், பரிவு நரம்புகள் முடுக்கிவிடப்படும். சில வாரத்தில் எடை கூடி, கால் வீங்கி, அழுத்தமும் பழையபடி ஏற ஆரம்பிக்கும். மருந்து பலனளிக்கவில்லை என்று தோன்றும். உண்மையில் மருந்து வேலை செய்ததால்தான் நீர் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் அழுத்தத்துக்காக மினாக்சிடில் எழுதும் மருத்துவர், பெரும்பாலும் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை ஒன்றையும் இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் இன்னொன்றையும் அதே சீட்டில் சேர்த்தே எழுதுகிறார். முடி வளர்வதற்காக இதையே குறைந்த அளவில் விழுங்குகிறவர்களில் சிலருக்குக் கணுக்கால் வீங்குவதும் இந்த வழியில்தான்.